போத்தலுக்குள் மடு மண்

மாதாவின் மண்ணை, ஆணி குத்திய பொம்மைக்கும் சூனியக்காரி ஒருத்தியின் துடைப்பத்துக்கும் நடுவில் வைத்திருந்தார்கள்.

பார்க்கப் பார்க்க மாக்கிரட்டுக்கு வயிறு எரிந்தது. கனடாவில் தான் குடியிருக்கும் கோட்-டெ-நெய்ஜிலிருந்து பஸ் மாறி, பனிக்குள் கால் புதைய நடந்து, இந்த மந்திர தந்திர மியூசியத்துக்கு அவள் வருவது இது மூன்றாவது சனிக்கிழமை.

கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு சின்னப் போத்தல். அதில் பாதிக்கு மண். பாம்பை விரட்டும் மந்திரப் பொருள், இலங்கை என்று கீழே பிரெஞ்சில் எழுதியிருந்தது.

மந்திரமாவது மண்ணாங்கட்டியாவது. அது மடு மாதா கோவில் மண். மன்னாரில் அது இல்லாத வேதக்கார வீடு கிடையாது. கையில் வைத்துச் செபித்தால் பாம்பு அண்டாது.

அவளுக்கு ஒரு சிட்டிகை போதும். மகன் ஜோன்சன் வன்னியில், பெண்சாதி பிள்ளைகளோடு, குண்டுக்குப் பயந்து நிலத்தில் வெட்டிய பங்கருக்குள் கிடந்தான். மூன்று கிழமையாக அவனிடமிருந்து ஒரு சொல் இல்லை. மடுவுக்குப் போகும் பாதையும் சண்டையில் அடைபட்டுவிட்டது.

இன்று துணிந்து, நுழைவுச்சீட்டுக் கொடுக்கும் பெண்ணைக் கூட்டிவந்து, பெட்டியைத் திறக்கச் சொல்லிக் கேட்டாள். கால்வாசி பிரெஞ்சு, மீதி கைப்பாஷை.

நல்ல பிள்ளைதான். பதிவில் ஏறிய பொருளை யாரும் தொடக்கூடாது, கொடுத்தவரே வந்து கேட்டாலும் முடியாது என்று தன்மையாகச் சொன்னாள். கொடுத்தவர் பெயரையும் விரலால் தொட்டுக் காட்டினாள்.

மாக்கிரட் அருமைராசா, 2004.

அது தன் பெயர்தான் என்று மாக்கிரட் சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது.

அப்போது சமாதானக் காலம். கனடாவில் பாம்பு ஏது, மடுவில் ஆவணித் திருவிழாவுக்குப் போனால் ஒரு பையே அள்ளிவரலாம் என்று, மியூசியத்துக்குப் பொருள் சேர்க்க வந்தவர்களிடம் முழுவதையும் சிரித்துக்கொண்டு தூக்கிக் கொடுத்துவிட்டாள். அவள் ஊரைவிட்டுப் புறப்பட்ட அன்று ஜோன்சன் தன் கையால் அள்ளிப் போட்டுத் தந்த மண். அதை ஒருமுறை கையால் அளைந்து பார்த்தால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

அந்தப் பிள்ளை போனபிறகு உள்ளங்கையைக் கண்ணாடியில் வைத்துக்கொண்டு நின்றாள்.

கடைசியாகக் கதைத்த அன்று வன்னியில் நல்ல மழை. லைன் விட்டுவிட்டு வந்தது.

"அம்மா, பங்கருக்குள்ள தண்ணி. பாம்பு வருது. நான் தந்த மண்ணைக் கையில வைச்சுச் செபியுங்கோ."

"ஓம் ராசா," என்றிருந்தாள் அவள். "இப்பவும் கையிலதான் வைச்சிருக்கிறன்."