பூனை வாங்கிய பரிசல்

நீர்நாய்க்குப் படகே தேவையில்லை. பூனைக்காகத்தான் அது படகு பார்க்க வந்திருந்தது. சின்ன ஏரிக்கும் பெரிய ஏரிக்கும் சேர்த்து ஒரே படகுதான் வேண்டும் என்று பூனை ஒற்றைக்காலில் நின்றது. தண்ணீரைக் கண்டாலே உதறல் எடுக்கும் அதற்கு மீன் என்றால் உயிர்.

ஓட்டிப் பார்த்தபோது நீளப் படகு சின்ன ஏரியின் தாமரைக் கொடிகளில் மாட்டிக்கொண்டது. வட்டமான பரிசல் அவற்றின்மேல் வழுக்கிக்கொண்டு போனது. "இதுதான்," என்று பூனை முடிவுகட்டிவிட்டது.

பூனை வலை எடுக்கப் போனதும் பரிசல் நீர்நாயிடம் மெல்லச் சொன்னது: "அண்ணே, பெரிய ஏரிக் காற்றில் நான் பம்பரமாய்ச் சுற்றுவேன். பாவம், பூனை பயந்துவிடும். நீங்களே சொல்லிவிடுங்கள்."

நீர்நாய் திரும்பிப் பார்த்தது. பூனை முதல்முறையாகத் தண்ணீர் ஓரத்தில் வாலைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்தது.

"சொல்ல வேண்டாம். நான் பார்த்துக்கொள்கிறேன்," என்றது பரிசலிடம்.

மறுநாள் பெரிய ஏரியில் காற்று பேயாய் அடித்தது. சாயங்காலம் பூனை கூடை நிறையக் கெண்டையோடு கரையேறியது.

"பார்த்தாயா, இத்தனை காற்றிலும் பரிசல் அசையவே இல்லை. படகு வாங்கவும் ஒரு கண் வேண்டும். நீ எங்கே போனாய், காலையிலிருந்து ஆளையே காணோம்?"

"பக்கத்தில்தான் இருந்தேன்," என்றது நீர்நாய்.

பூனை இருப்பதிலேயே பெரிய கெண்டையை எடுத்து நீட்டியது. நாள் முழுக்கத் தண்ணீருக்கடியில் பரிசலின் கயிற்றைக் கவ்விப் பிடித்திருந்த தாடையால், நீர்நாய் அதை வெகுநேரம் மெல்ல மென்றது.