ஒரு லட்சம் லிட்டர்

ஊருக்கு நடுவில் நின்று நின்று தண்ணீர்த் தொட்டிக்கு நாலு காலும் கடுத்துப்போயிருந்தது. அதைக் கட்டியபோது அங்கே இருநூறு வீடுதான். வயலெல்லாம் பிளாட் ஆகி, இப்போது ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. காலையில் வால்வைத் திறந்தால் முக்கால் மணி நேரத்தில் தொட்டி காலி. கடைசித் தெருக் குழாய்கள் வெறும் காற்றைத்தான் துப்பும்.

"பத்து வருஷமா மனு போகுதுல்ல, இன்னொரு தொட்டி வந்துடும் அண்ணே," என்று மூடியில் உட்கார்ந்திருக்கும் காகம் தினமும் சொல்லும். 

ஒருநாள் அரசு ஜீப் வந்தது. ஆட்கள் ஏணியை இறக்கினார்கள்.

"வந்துட்டாங்க அண்ணே," என்றது காகம்.

வந்தவர்கள் இடம் பார்க்கவில்லை, எதையும் அளக்கவில்லை. பெயிண்டர் ஒருவர் ஏறி, தொட்டியின் வயிற்றில் இருந்த 'கொள்ளளவு 30,000 லிட்டர்' என்பதை அழித்துவிட்டு, '1,00,000 லிட்டர்' என்று எழுதினார். கீழே நின்று படம் எடுத்துக்கொண்டு எல்லோரும் கிளம்பிவிட்டார்கள்.

"எனக்கு வயிறு பெருத்த மாதிரி தெரியலையேப்பா," என்றது தொட்டி.

"பெயிண்ட் காயட்டும் அண்ணே."

மறுநாளும் முக்கால் மணி நேரத்தில் தண்ணீர் தீர்ந்தது. கடைசித் தெருப் பெண்கள் காலிக் குடங்களோடு வந்து, அண்ணாந்து அந்த எண்ணைப் படித்தார்கள்.

"லட்சம் லிட்டர் பிடிக்குதாம். அத்தனையும் எங்கே போகுது?" என்றாள் ஒருத்தி.

அடுத்த வாரம் அதே ஜீப் திரும்ப வந்தது. காகம் மூடியை விட்டுப் பறந்துபோனது. ஏணியில் ஏறியவர்கள், தொட்டியில் எங்கே ஓட்டை என்று தட்டித் தட்டித் தேட ஆரம்பித்தார்கள்.