பின்னால் ஒரு சத்தம்

"சீக்கிரம் தூக்குங்க. அந்த ஆளு வர்றதுக்குள்ள அடையாளமே இல்லாம பண்ணிடணும்" என்று சந்தியா பதறினாள்.

சிவசங்கர் சாக்கைக் கட்டிப்பிடித்துத் தூக்கினான். கனம் தாங்காமல் இடுப்பு பிடித்துக்கொண்டது.

சாக்குக்குள் இருந்தது ஒரு பெரிய தண்ணீர் கேன். அதில் கல்வராயன் மலை நாவல்பழமும் சர்க்கரையும் ஒரு வாரமாக நுரைத்துக்கொண்டிருந்தன. செல்போனில் பார்த்துப் பழ வைன் போடக் கிளம்பியது இவன்தான். காற்று வெளியேறுவதற்காக மூடியிலிருந்து ஒரு குழாயை இழுத்து, பாதித் தண்ணீர் ஊற்றிய மண்குடத்துக்குள் விட்டிருந்தான். குடத்துக்குள் குமிழி உடைகிற சத்தம் இராப்பகலாகக் கேட்டுக்கொண்டே இருந்தது.

உரக்கடையில் வேலை பார்க்கும் சிவசங்கருக்குப் பாட்டுப் பைத்தியமும் உண்டு. அம்மன் கோயில் ஆடித் திருவிழா மேடையில் ஒரு பாட்டாவது பாடிவிட வேண்டும் என்று வருடா வருடம் கேட்டுப் பார்ப்பான். தாளம் நிற்கவில்லை என்று பாட்டுக் குழுத் தலைவர் சுப்புராயன் திருப்பி அனுப்பிவிடுவார். இந்த வருடம் பாட்டைப் பதிவு செய்து அனுப்பச் சொன்னார். தெருச் சத்தத்துக்குப் பயந்து, பின்னறையில் கேனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பாடி அனுப்பித் தொலைத்தான்.

இன்று காலை பதில் வந்தது. "தம்பி, கேட்டேன். உன் பாட்டுக்குப் பின்னால ஒரு சத்தம் கேக்குது. போன்ல பேசற விஷயம் இல்ல, நேர்ல வரேன்."

சுப்புராயன் லேசுப்பட்ட ஆள் இல்லை. போன வருடம் குடித்துவிட்டு வந்த டோலக்குக்காரனை ஊர் பார்க்க மேடையிலிருந்து இறக்கிவிட்டவர். அதற்கப்புறம் அந்த இடத்துக்கு அவர் வேறு யாரையும் சேர்க்கவில்லை. கள்ளச்சாராயச் சாவுகளுக்கு அப்புறம், சாராயம் என்ற பேச்சை எடுத்தாலே ஊர் நடுங்குகிற காலம் வேறு. இது வெறும் நாவல்பழம்தான் என்று யாரிடம் போய் விளக்குவது?

"பாட வரலன்னு திருப்பி அனுப்புனா போவுது. வூட்ல காய்ச்சறான்னு பேராயிட்டா, நான் எப்படிங்க தெருக் கொழாயில போய் நிப்பேன்?" என்றாள் சந்தியா.

அவள் முகத்தைப் பார்க்கவே அவனுக்குக் கூச்சமாக இருந்தது. கொல்லையில் வாழை மரத்தடியில் கேனைக் கவிழ்த்தான். ஊதா நிறத்தில் நுரைத்துக்கொண்டு ஓடியதைப் பார்க்க அழுகையே வந்துவிட்டது. சந்தியா வீடு முழுக்கச் சாம்பிராணி போட்டாள்.

புகை அடங்குவதற்குள் சுப்புராயன் வந்துவிட்டார். நாற்காலியில் உட்கார்ந்ததும், "கதவ சாத்து தம்பி" என்றார். பிறகு போனை எடுத்துப் பாட்டை ஓடவிட்டார்.

சிவசங்கரின் குரலுக்கு அடியில் குபுக்... குபுகுபுக்... குபுக் என்று துல்லியமாகக் கேட்டது.

"கேக்குதா?"

"கேக்குதுங்க."

"எத்தினி நாளா நடக்குது இது?"

"ஒரு வாரமாங்க."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா? இதுக்காவ நான் உளுந்தூர்பேட்ட வரைக்கும் அலஞ்சிக்கினு இருக்கேன். நீ இன்னாடான்னா வூட்டுக்குள்ள மறச்சி வச்சிருக்க."

அலைந்து திரிந்து விசாரித்திருக்கிறார் என்று நினைத்ததும் சிவசங்கருக்கு உடம்பே கூசிப்போனது. "தப்புதாங்க ஐயா. ஏதோ ஆசையில செஞ்சிட்டேன். இப்பதான் எல்லாத்தையும்..." என்று தலையைக் குனிந்துகொண்டான். சந்தியா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

சுப்புராயன் எழுந்து வந்து அவன் தோளில் கை வைத்தார். "வருத்தப்படாத. நாலு பேரு எதிர்ல சொன்னா உனக்கு அசிங்கம்னுதான் கதவ சாத்தச் சொன்னேன். பாட்டு உனக்கு ஒத்துவராது தம்பி. ஆனா, நீ தாளம் தப்புன எடத்துலகூட அவரு தப்பவே இல்ல."

"எவருங்க?" என்றான் சிவசங்கர்.

"அதாம்பா, உனக்குப் பின்னால கடம் வாசிச்சவரு. அவர மட்டும் நாளைக்குக் கூட்டினு வா."