தட்டிவிட்டு ஓடிய வாக்கி டாக்கி

புதுசாய் வந்த வாக்கி டாக்கிக்குப் பேச ஆசை. பயம் அதைவிடப் பெரிசு. குன்றின்மேல் ஒரு ரிப்பீட்டர் இருந்தது. யார் மெல்லப் பேசினாலும் அதை வாங்கி, ஊர் முழுக்கக் கேட்கும்படி திருப்பிச் சொல்வதுதான் அதன் வேலை. வாக்கி டாக்கி தினமும் காலையில் பட்டனை அமுக்கும். குன்றிலிருந்து 'டொக்' என்று சத்தம் வந்ததும் வெலவெலத்துப்போய் விட்டுவிடும். மொட்டைமாடியில் நெட்டை ஆன்டெனாவோடு உட்கார்ந்திருக்கும் பெரிய ரேடியோ சிரித்துவிட்டால்?

ஒருநாள் ரிப்பீட்டர் பொறுமை இழந்து கத்தியது. "யாருப்பா அது? தினம் காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை கதவைத் தட்டிட்டு ஓடுறது? எனக்குத்தான் ஏதோ கோளாறுன்னு நாளைக்குக் கழட்ட வர்றாங்க!"

வாக்கி டாக்கிக்குத் தூக்கிவாரிப்போட்டது. பதறிப்போய் பட்டனை அமுக்கிவிட்டது.

"கழட்டச் சொல்லாதீங்கண்ணே! நான்தான் அது, புது செட்டு. ஆனா காலையில மட்டும்தாண்ணே தட்டினேன்!"

குன்று அதை அப்படியே ஊருக்கெல்லாம் சொன்னது, குரலின் நடுக்கத்தையும் சேர்த்து.

"ஐயோ, எல்லாருக்கும் கேட்டிருக்குமே!"

"கேக்கணும்னுதானே என்னை இங்க ஏத்தி வச்சிருக்காங்க?" என்றது ரிப்பீட்டர்.

இப்போது பெரிய ரேடியோ சிரிக்கப்போகிறது என்று வாக்கி டாக்கிக்கு உயிரே போய்விட்டது. பிறகு மொட்டைமாடியிலிருந்து அந்த ரேடியோவின் கனத்த குரல் வந்தது.

"அப்பாடா! நல்லவேளை தம்பி, நீ முதல்ல பேசிட்டே. சாயங்காலம் தட்டுறது நான்தான்."