பாசி சொன்ன சாட்சி

“கையக் காட்டுடி. மீன் தீனி வாசன வருதா இல்லையான்னு நான் பாக்கறன்.”

“ஏன், போலீஸ் நாயக் கூட்டிட்டு வாங்களேன்! அதுவும் ஒரு தரம் மோந்து பாக்கட்டும்.” முனிலட்சுமி இரண்டு கைகளையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

அவள் புருஷன் கங்கப்பன் சிரிக்கவில்லை.

மூக்கண்டப்பள்ளியில் அவர்கள் குடியிருந்த வீட்டின் முன்னறையில் பாதியை அந்தக் கடல் மீன் தொட்டியே அடைத்துக்கொண்டிருந்தது. மெட்ராஸ் போகும் கம்பெனி லாரி டிரைவர்களைத் தாஜா செய்து, கேன் கேனாகக் கடல் தண்ணீர் வரவழைத்திருந்தான். உயிருள்ள பவளத்தைத் தெர்மோகோல் பெட்டியில் போட்டு, மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் வந்தவன் அவன். பூப்போல விரிந்த அந்தப் பவளம் இப்போது சுருங்கிக் கிடந்தது. கல்லெல்லாம் பச்சைப் பாசி, தலைமயிர் மாதிரி நீள நீளமாக.

“தண்ணிய கம்பெனி லேபுக்குக் கொண்டு போனன். மருந்து வுட்டதும் நீலமாயிடுச்சி. அத்தனையும் பாஸ்பேட்டு! பெயின்ட் அடிக்கறதுக்கு முந்தி இரும்புத் தகட்ட முக்கி எடுப்பமே, அந்தச் சரக்கு. பாசிக்கு அதான் பிரியாணி. மீனு மிச்சம் வெக்கற தீனி அழுகி அழுகித்தான் அது சேருது. நான் போடறது காலைல ஒரு சிட்டிக. மீதி யாரு போடறது?”

“எனக்கு என்னங்க தெரியும்? அந்தக் கடல் தண்ணியிலயே இருந்திருக்கும்.”

“அப்ப டெஸ்ட் பண்ணிடலாம்.”

பழுதான சாமானை ஒவ்வொரு பாகமாகக் கழற்றி வைத்துக் கோளாறைக் கண்டுபிடிப்பதுதான் கம்பெனியில் கங்கப்பனின் வேலை.

“ஒரு மாசம் வேப்பனப்பள்ளியில உங்கம்மா வூட்ல போயி இரு. நீ இல்லாதப்ப பாசி போயிடுச்சின்னா, தப்பு உம்மேல.”

கட்டின பெண்டாட்டியையும் ஸ்பேர் பார்ட் மாதிரி கழற்றி வைக்கிறானே! முனிலட்சுமிக்குச் சுருக்கென்று ஏறியது.

“பாசி போகலன்னா?”

“நானே வந்து, உங்கம்மா முன்னாடி தப்பு என்னுதுன்னு சொல்லிக் கூட்டியாறன்.”

“போயிடுச்சின்னா?”

“நீயா பஸ் ஏறி வந்து ஒத்துக்க.”

“அது இந்த ஜென்மத்துல நடக்காது! நீங்க வந்து கூப்புடற வரைக்கும் அங்கிருந்து நகர மாட்டன், பாருங்க!”

பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

பஸ் கிருஷ்ணகிரியைத் தாண்டும்போதே கோபம் இறங்கிப் பயம் ஏறிக்கொண்டது. ஏனென்றால், தீனி போட்டது அவள்தான்.

அவன் ஷிப்டுக்குப் போனபின் பேச ஆளில்லாத வீடு. மூடியைத் தூக்கினால் போதும், மீன்கள் எல்லாம் ஓடி வந்து அவள் விரல் நுனியைக் கவ்வும். ஒரு பிடி போடுவாள். போகாமல் அங்கேயே சுற்றும். இன்னொரு பிடி. முதல் நாள் கேட்டபோதே சொல்லியிருக்கலாம். இல்லை என்று சொல்லிவிட்டாள். சொன்னதை விழுங்க முடியவில்லை.

இனித் தொட்டி தெளிந்துவிடும். தெளிந்தபின் யார் வந்து கூப்பிடப்போகிறார்கள்?

மாதம் முடிந்தது. அவன் வரவில்லை.

“ஏண்டி, மீனுக்கோசரம் பொண்டாட்டியத் தள்ளி வெச்சிட்டாரா உங்க மாப்ளன்னு ஊர்ல கேக்கறாங்க. என்னான்னு சொல்றது?” என்றாள் அம்மா வெங்கடம்மாள்.

“மீனுக்கு வரதட்சண கம்மின்னு சொல்லு.”

வாய்க்குக் குறைச்சலில்லை. ஆனால் எத்தனையோ தடவை பையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போய்த் திரும்பிவிட்டாள். தோப்புகளில் மாங்காய் ஏற்றிய லாரிகளும் போய், ஊர் ஓய்ந்தது.

அதன்பிறகு ஒருநாள் மத்தியான பஸ்ஸில் கங்கப்பன் வந்து இறங்கினான். தாடியும் அதுவுமாக, ஆள் இளைத்திருந்தான். அவளைப் பார்க்காமல் நேரே மாமியார் முன்னால் போய் நின்றான்.

“அத்தே, தப்பு என்னுது. இவ இல்லாதப்பதான் பாசி ரெண்டு பங்கா ஏறிடுச்சி. தண்ணியிலதான் கோளாறு. அநியாயமா இவ மேல பழி போட்டுட்டன்.”

“அதானே பாத்தன்! எம் பொண்ணு பொய் சொல்லுவாளா?”

அம்மாவின் அந்த வார்த்தை முனிலட்சுமிக்கு முள்ளாகத் தைத்தது. ஆனாலும், நிஜமாகவே தண்ணீர்தான் காரணமோ? வழியெல்லாம் அந்த ஆசையைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

கதவைத் திறந்ததும் அழுகல் நாற்றம் மூக்கில் அடித்தது.

தொட்டி பச்சைச் சுவராக நின்றது. பவளத்தின் சதையெல்லாம் கரைந்து, வெறும் வெள்ளை எலும்பு மிஞ்சியிருந்தது. தண்ணீரின் மேல்மட்டத்தில் இரண்டே இரண்டு மீன்கள் வாயைப் பிளந்து பிளந்து மூடிக்கொண்டிருந்தன.

அவள் பையைக் கீழே வைத்துவிட்டு அவன் பக்கம் திரும்பினாள்.

“நான்தாங்க போட்டன்! தெனம் மத்தியானம், கை நெறைய. உங்ககிட்ட பொய் சொல்லிட்டன். ஆனா... நான் போன பொறவும் இது எப்பிடிங்க?”

கங்கப்பன் கண்ணாடியில் படிந்திருந்த பாசியை விரலால் வழித்தான்.

“நீதான்னு தெரியும். நீ போயி மாசம் முடியறதுக்குள்ள தண்ணி பளிங்காயிடுச்சி. பவளங்கூட பழையபடி விரிஞ்சிச்சி.”

“அப்பறம்?”

“தெளிஞ்ச தொட்டிய வெச்சிகிட்டு உன்ன எப்பிடிடி கூப்புட வர்றது? கொஞ்சம் பச்ச கட்டுனா போதும்னு நான்தான் டப்பா டப்பாவாத் தீனியக் கொட்டுனன். அளவு தப்பிடுச்சி, முனி.”