ஒரு முறம் தவிடு

வேங்கிக்கால் பஸ் நிறுத்தத்தில் மாமனார் ஒரு பை தவிட்டோடு இறங்கினார். பேத்திக்குப் பேர் வைக்க வருகிற மனுஷனுக்குத் தவிடு எதற்கு என்று பாலாஜி மண்டையைப் பிய்த்துக்கொள்ளவில்லை. திரும்பும்போது அடி அண்ணாமலையில் தங்கச்சி வீட்டு மாட்டுக்குப் போட்டுவிட்டுப் போவாராக இருக்கும்.

அவன் கவலையே வேறு. மாமனார் பேர் மண்ணாங்கட்டி. அந்தப் பேரோடு கீழ்பென்னாத்தூரில் அறுபது வருஷம் காலம் தள்ளியவர், "கொழந்தைக்கு நானே ஒரு பேரு யோசிச்சு வெச்சிருக்கேன்" என்று போனில் சொன்னதிலிருந்து பாலாஜிக்குச் சோறு இறங்கவில்லை.

குழந்தையின் காதில் மூன்று தடவை பேர் சொல்ல வேண்டியவர் தாத்தா. அவர் முறுக்கிக்கொண்டால் அவ்வளவுதான். மனைவி ஓவியாவுக்கு இரண்டு குழந்தைகள் தங்காமல் போய், மூன்றாவதாகக் கிடைத்த பெண் இது. அவள் ஆசைப்பட்ட பேரை யாருக்காகவும் விட்டுக்கொடுப்பதில்லை என்று பாலாஜி முடிவு கட்டியிருந்தான்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அவனே ஆரம்பித்தான். "பேரு ஜோயி, மாமா."

"இன்னா பேரு இது?" மாமனார் மூக்கைச் சுளித்தார். எப்போதோ குத்தித் தூர்ந்துபோன மூக்குத் துளையும் சேர்ந்து சுளித்தது.

"கிரேக்கப் பேரு. ரொம்பப் பழசு. ஒரு மகாராணிக்கே இந்தப் பேருதான்."

"மகாராணிய வுடுங்க மாப்ள. அர்த்தம் இன்னா?"

தொட்டிலருகே இருந்த ஓவியா முந்திக்கொண்டாள். "உயிருனு அர்த்தம்பா. நல்லபடியா பொழச்சிருக்கணும்னுதான் வெக்கிறேன். நீ உன் பேரு மாதிரி குப்புனுதான யோசிச்சிருப்ப? உன் பேர வெச்சு என்னையே ஸ்கூல்ல அந்த ஓட்டு ஓட்டுனாங்க."

மாமனார் பையைப் பிரித்தார். ஒரு முறத்தை எடுத்துத் தவிட்டைக் கொட்டி, பாலாஜியிடம் நீட்டினார். "இத வாங்கிக்கினு புள்ளைய எனக்கு வித்துடுங்க."

பாலாஜிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இன்னா மாமா பேசறீங்க?"

"எங்கம்மாவுக்கு எனக்கு முன்னாடி நாலு புள்ளைங்க தங்கல. அஞ்சாவது நான். பக்கத்து வூட்டுக்காரங்க ஒரு மொறம் தவிட்டுக்கு என்ன வாங்கி, மூக்கு குத்தி, எமன் திரும்பிக்கூடப் பாக்காத பேரா பாத்து வெச்சாங்க. ஊரே சிரிச்சுது. ஆனா நான் பொழச்சுக்கினேன். அதான் இவளுக்கும்..."

இத்தனை நாள் அந்தப் பேரை நினைத்து உள்ளுக்குள் சிரித்ததற்குப் பாலாஜிக்கு வெட்கமாகப் போய்விட்டது. முறத்தை வாங்கி வைத்தான். குழந்தையைத் தூக்கி அவர் மடியில் கொடுத்தான்.

விற்றாயிற்று. இனி பேர் வைப்பது வாங்கியவர் இஷ்டம். ஓவியாவின் முகம் தொங்கிப்போனது.

மண்ணாங்கட்டி குனிந்து, குழந்தையின் காதில் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். "ஜோயி. ஜோயி. ஜோயி."

ஓவியாவுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. "அப்பா, அப்ப குப்பு?"

அவர் வாயெல்லாம் பல்லாக நிமிர்ந்தார்.

"அது எதுக்கும்மா? பொழைக்கணும்னு வெக்கிற பேருதான வேணும்? நீதான் எம் பேரையே வெச்சுட்டியே."