பெரிய எழுத்து

"கதவைச் சாத்து தம்பி."

படகுக்காரர் காலிதீன், கடலுக்குக் கொண்டுபோகும், விழுந்தாலும் உடையாத தன் தடித்த லெப்டொப்பை இஹ்ஸானின் கணினிக் கடை மேசையில் வைத்தார்.

"விண்டோஸ் வேவு பார்க்குமாம், அதான் அத எடுத்துட்டு லினக்ஸ் போட்டேன். இப்ப ஜீபிஎஸ் வேலை செய்யுதில்ல. எனக்கு மீன் படுற இடம் ஒருத்தனுக்கும் தெரியப்படா."

லெப்டொப்புக்குள் உறங்கிய ஜீபிஎஸ்ஸை இஹ்ஸான் ஒரு கட்டளை தட்டி எழுப்பினான். "இனி வெளிய போகணும் காக்கா. வானம் தெரிஞ்சாத்தான் சிக்னல் வரும்."

காலிதீன் மேலே முறைத்தார். "அப்ப சட்லைட்காரனுக்கு நம்மட இடம் தெரிஞ்சிருமே?"

"இல்ல காக்கா. அது அனுப்பும், நம்ம கேட்கிறது மட்டும்தான்."

வாசலுக்கு வந்ததும், நிற்கும் இடத்தைக் காட்டும் இலக்கங்கள் திரையில் ஓடின.

"கண்ணாடி இல்லாம விளங்குதில்ல. எழுத்தப் பெருசாக்கு."

இஹ்ஸான் திரை நிறையப் பெரிதாக்கிக் கொடுத்தான்.

அடுத்த கிழமை காலிதீன் கடைக்குள் பாய்ந்தார். "என்ட இடத்துல சாய்ந்தமருதுக்காரன்ட படகெல்லாம் நிக்குது! நீதானே காட்டிக் குடுத்த?"

"நான் கடலுக்கே வரல்லையே காக்கா. நேத்து மீனவர் வட்ஸ்அப் குரூப்புக்கு நீங்க போட்டோ போட்டீங்கதானே?"

"ஓம். அவ்வளவு பெரிய பாரை மீன் பட்டா போடாம இருக்கேலுமா? பட்ட இடத்திலேயே எடுத்த போட்டோ!"

இஹ்ஸான் தன் போனை நீட்டினான்.

படத்தில் காலிதீன் பாரையைத் தூக்கிப் பிடித்துச் சிரித்தார். பக்கத்தில் லெப்டொப் திறந்திருந்தது. அதிலிருந்த இலக்கங்களைப் படிக்க யாருக்கும் கண்ணாடி தேவைப்படவில்லை.